எதிர்க் கட்டிலில் அப்பா

அன்புள்ள அம்மாவுக்கு, ஜோ வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சென்ற வாரம் போனில் பதறி, பிரஷர் மாத்திரையைத் தொடாதீர்கள் என்றேனே, அதன் காரணத்தை இப்போது சொல்கிறேன். பயப்படாதீர்கள். நான் லீவில் வந்தபோது உத்தமபாளையத்தில் நம் இருவருக்கும் பிரஷர் மாத்திரை வாங்கினோமே, கடைக்காரர் பெயர் குழம்பி, கைநடுக்கத்துக்கு உள்ளதைக் கொடுத்துவிட்டார்.

அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எதிர்க் கட்டிலில் அப்பா வந்து உட்கார்ந்தார். இந்த மஸ்கட் அறையில், அவர் தோட்டத்தில் திராட்சைக்கு அடிக்கும் மருந்து வாடை வீசியது. செத்தவர் என்று தெரிந்தும் எனக்குப் பயமில்லை. தினமும் வந்தார், பேசமாட்டார். ஒருநாள் மட்டும் பேசினார்.

"ஏலே, உங்காத்தாளுக்குப் பழைய மாத்திர தீந்துபோச்சு. நாளைக்குப் புது அட்டையப் பிரிக்கப் போறா. வேண்டாம்னு சொல்லு."

உடனே உங்களை அழைத்தேன். "காலையில பிரிக்கணும்னுதாய்யா இருந்தேன். ஒனக்கு யாரு சொன்னாக?" என்று கேட்டீர்கள்.

பிறகுதான் டாக்டரிடம் அட்டையைக் காட்டினேன். இந்த மாத்திரை சிலருக்கு, இல்லாத ஆட்களைக் கண்முன் காட்டும் என்றார். உங்கள் மாத்திரை தீர்ந்தது அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

தம்பி பிரான்சிஸைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், வேறு யாருக்கும் இதைக் கொடுத்தார்களா என்று விசாரியுங்கள். அப்பாவின் போட்டோ ஒன்று அனுப்புங்கள்.

மாத்திரையை நிறுத்தியதிலிருந்து அவர் வரவில்லை. மிச்சத்தை எறிந்துவிடச் சொன்னார் டாக்டர். இன்னும் எறியவில்லை. வேலைக்கு வேன் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
ஜோ