ஒரு கால் மட்டும் வீங்கினால்

துடியலூர்,
1999 ஏப்ரல் 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து பத்து.
உன் ரத்தத்தில் சிவப்பணு: நூற்றுக்கு ஐம்பத்தி நாலு.

மாப்பிள்ளை செங்கோடனுக்கு,

மனோஜ்குமார் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கீதாவை உனக்குக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து உன்னை வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுகிறேன். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் டிராயிங்கைப் பார்த்துப் போட்டவன்தான் நீ. இருந்தாலும் தங்கச்சி வீட்டுக்காரர் என்று ஒரு மரியாதை இருக்கிறது. இன்றைக்கு மட்டும் அது கிடையாது. கோபித்துக்கொள்வதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியை மட்டும் இப்போது படி. மீதியை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து படிக்கலாம். உன் இடது கெண்டைக்காலை ஸ்கேன் எடுக்க வேண்டும். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். உங்கள் சைக்கிள் டீம் டாக்டரிடம் போகாதே. ஈப்போவில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போய், போட்ட ஊசியின் பெயரை மறைக்காமல் சொல். காலை யாரையும் பிடித்துவிட விடாதே. நீயாக ஆஸ்பிரின் விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளாதே. நெஞ்சில் குத்தலோ மூச்சு வாங்கலோ வந்தால் டாக்ஸி பிடித்து உடனே போ. போகும்போது இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போ.

கரீம் பாய் கொண்டுவந்து கொடுத்திருப்பார். உக்கடத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், சரக்கு விஷயமாகக் கோலாலம்பூர் அடிக்கடி போகிறவர். ஈப்போ வரைக்கும் பஸ்ஸில் வந்து உன் கையிலேயே கொடுக்க வேண்டும், நீ படித்து முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். என்னப்பா, கடுதாசியா சம்மனா என்று கேட்டார். சம்மன்தான் என்றேன். அவர் உன் எதிரில் உட்கார்ந்திருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடு.

இப்போது எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன். இதில் என் முட்டாள்தனமும் இருக்கிறது.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள், துடியலூர் லேபில் நான் மாட்டிக்கொண்டிருந்த புது மெஷினுக்கு உன்னிடம் ஒரு சிரிஞ்சு ரத்தம் எடுத்தேனே, ஞாபகம் இருக்கும். ரத்தத்தில் அணுக்களை எண்ணும் மெஷின். அதைச் சரிபார்க்கக் கம்பெனி ஒரு தனி மருந்துப் பாட்டில் அனுப்பும். இந்தமுறை பம்பாயிலிருந்து வந்தது ஐஸ் உருகி வழியிலேயே கெட்டுப்போய்விட்டது. இன்னொன்று வர ஒரு வாரம். எனக்குப் பொறுமை ஏது. நல்ல ஆரோக்கியமான ஆளின் ரத்தம் இருந்தால் இப்போதைக்குப் போதும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்ததிலேயே ஆரோக்கியமான ஆள் நீதான்.

மெஷின் ஐம்பத்தி நாலு காட்டியது. ஆம்பளைக்கு நாற்பத்தைந்து இருந்தால் நல்ல ரத்தம். உன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மெஷின்தான் கூட்டிக் காட்டுகிறது என்று முடிவு செய்து, அது நாற்பத்தைந்து காட்டும்வரை திருகிக் குறைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை மதியம் அந்த லேபில் வேலை பார்க்கும் ரம்லா போன் செய்தார். ஏனுங் சார், துடியலூர்ல எல்லாத்துக்கும் ஒரே நாள்ல ரத்தம் வத்திப்போச்சுங்களா என்று கேட்டார். வந்த ஆள் அத்தனை பேருக்கும் சோகை என்று ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருக்கிறது மெஷின். முந்தின வாரம்தான் சோதித்து நல்ல ரத்தம் என்று சொல்லி அனுப்பிய லாரி டிரைவருக்குக்கூட இரும்புச் சத்து மாத்திரை எழுதிவிட்டார் டாக்டர். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மெஷின்மேல் ஒரு தப்பும் இல்லை. பிரிஜ்ஜில் உன் ரத்தம் மீதி இருந்தது. மெஷினே வேண்டாம் என்று கண்ணாடிக் குழாயில் ஏற்றிச் சுற்றவிட்டு, அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தி நாலு. திரும்பவும் பார்த்தேன். அதேதான்.

விரதம், வெயில், கொடுமுடியிலிருந்து பழனிக்கு நடந்தது, தண்ணீர் சரியாகக் குடிக்காதது, எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்துவிட்டேன். அதனால் ரெண்டு மூன்று ஏறும். பத்துப் பதினொன்று ஏறாது. நீ மலேசியா போவதற்கு முன்னால் எடுத்த மெடிக்கலில் உனக்கு நாற்பத்திமூன்று. நாந்தான் கூட வந்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கீதா பிரிஜ்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்க் இருந்தது. அதற்குள் ஏதோ மருந்தை உன் டீம் சாக்ஸில் சுருட்டி ஐஸுக்குள் வைத்திருந்தாய். கேட்டதற்குக் கீதா, வைட்டமின் ஊசிங்கண்ணா, வெயில் பட்டா கெட்டுப்போயிருமாமா என்றாள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் வார்டில் மெஷின் பார்க்க மாதத்தில் பாதி நாள் நிற்கிறவன் நான். அங்கே பிரிஜ்ஜில் வைத்து, ரத்தம் ஊறாத நோயாளிக்குச் சிவப்பணு ஏறப் போடுகிற ஊசி என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

நீயே ஒருநாள் சொன்னாய். ரேஸுக்கு முந்தின நாள் ஓட்டல் ரூமில் எங்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க மச்சான், உங்க மெஷின் மாதிரியே குட்டியா ஒண்ணு வெச்சிருக்காங்க, கிர்ருனு சுத்தும் என்றாய். சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு ஓட்டல் ரூமில் எதற்கு அது என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். எந்தக் கம்பெனி, எத்தனை ஆர்.பி.எம். என்று கேட்டேன். நீயும் பார்த்துச் சொல்கிறேன் என்றாய்.

குன்னூர் ஏற்றத்தில் நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தேன். பர்லியார் தாண்டியும் நீ மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதித்தாய். என் ஸ்கூட்டர் திணறியது. நான் அதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஐம்பது வரைக்கும் ரேஸ் சட்டப்படி சரி என்று உங்கள் மேனேஜர் சொல்லியிருப்பார். இந்த ஊசியை ரத்தத்திலோ சிறுநீரிலோ கண்டுபிடிக்க இன்றைக்கு ஒரு சோதனையும் இல்லை. அதனால்தான் ஐம்பது என்று ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் இருந்தால் ரெண்டு வாரம் வண்டியில் ஏறாதே என்கிறார்கள். ஆள் செத்துவிடக் கூடாது என்று போட்ட கோடு அது. அதையே டீம்காரர்கள் ஒரு இலக்காக வைத்துக்கொண்டு நாற்பத்தொன்பது வரை ஏற்றிவிடுகிறார்கள். சோதனைக்காரன் கதவைத் தட்டினால் உப்புத் தண்ணீர் பாட்டிலை ஏற்றி ரத்தத்தை நீர்க்க வைக்கிறார்கள். அவன் போனதும் அது மறுபடியும் குழம்பு மாதிரி ஆகிவிடும். ராத்திரி தூங்கும்போது உன் நாடி நிமிஷத்துக்கு நாற்பதுக்குக் கீழே இறங்கும். அத்தனை மெதுவாக அடிக்கிற இதயம் குழம்பைத் தள்ள வேண்டும். ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் உன் வயசு ஆட்கள் சிலர் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. இதனால்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்க வேண்டிய அவசியம் அவர்கள் பெண்டாட்டிகளுக்கு இருந்திருக்கும், மேனேஜர்களுக்கு இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மதுக்கரைக்குப் போயிருந்தேன். உன் காலைப் பற்றிக் கீதா அப்போதுதான் சொன்னாள். பழனியிலிருந்து வந்த மறுநாள் வீங்கியதாம். இடது கால் மட்டும். தொட்டால் சூடாக இருந்ததாம். உன் அம்மா அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார். தீர்த்தக்குடம் தூக்கிக்கொண்டு ஒரு மைல் தூரம் நீ ஷூ போட்டு நடந்தாயாம். முருகன் சும்மா உடுவானுங்களா தம்பி என்றார் என்னிடம். அடுத்த வருஷம் செருப்பில்லாமல் நடந்து கணக்கைத் தீர்த்துவிடுவதாக உன் பெயரில் வேண்டியும் விட்டார். கீதா நல்லெண்ணெய் காய்ச்சி ரெண்டு நாள் அழுத்தி நீவிவிட்டாளாம். உள்ளே கட்டி இருந்தால் நீவக் கூடாது. பிய்ந்து நுரையீரலுக்குப் போகும். சும்மா தலையை ஆட்டிவிட்டு, உன் அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நடந்து வீங்கினால் ரெண்டு காலும் வீங்கும் செங்கோடா. ஒரு கால் மட்டும் வீங்கினால் அது நடையில்லை, முருகனும் இல்லை. அந்தக் காலோடு நீ விமானத்தில் அத்தனை நேரம் மடக்கி உட்கார்ந்து போயிருக்கிறாய்.

நேற்று காலை பூத்திலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். உன் பக்கத்தில் யாரோ இருந்தார்கள். நல்லா இருக்கேனுங்க மச்சான், கால் செரியாப் போச்சுங்க, அப்பறம் பேசறனுங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். காலைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் செய்தாய் என்று தெரியாமல் எழுதவில்லை. மே ரெண்டாம் தேதி ரேஸ். அதில் முதல் பத்துக்குள் வந்தால் இன்னும் ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட். காண்ட்ராக்ட் வந்தால் கீதாவை அங்கே கூட்டிக்கொள்ளலாம். அவள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டாள். நாலு காப்பி. ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறாள் என்று திரும்ப எடுக்கப் போனாள். ஈப்போவில் முருங்கைக்கீரை கிடைக்குமா என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கென்ன தெரியும்.

கூட ஓட்டுகிற அத்தனை பேரும் ஏற்றிக்கொண்டால், ஏற்றாதவன் முதல் மலையிலேயே பின்தங்குவான். அது உண்மை. உன்னிடம் அதை மறைத்துத் தைரியம் சொல்ல எனக்கு வராது. ஊசி இல்லாமல் நீ தோற்பாய். காண்ட்ராக்ட் போகும். கோயமுத்தூர் வந்து என்னோடு மெஷின் மாட்டிக்கொண்டிருப்பாய். உனக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாது, என் பெயரும் சேர்ந்து கெடும். பரவாயில்லை. தோற்றுவிட்டு வா.

கடைசியாக உன்னிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கரீம் பாய் இந்தக் கடிதத்தைக் கொடுக்கும் நாள் சித்திரை ஒன்றாக இருக்கும். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல் மிதித்தால் வருஷம் முழுக்க மிதிக்க வேண்டிவரும் என்று உன் அம்மா சொல்வார். மிதி. முழு ஆயுசோடு இரு.

உன் மச்சான்,
மனோஜ்குமார்

இனி நான் செய்யப்போவது:

1. வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பூத்திலிருந்து கூப்பிடுவேன். ஸ்கேனில் என்ன என்பதை மட்டும் சொல். யார் பக்கத்தில் நின்றாலும் சொல்.

2. நீ எடுக்கவில்லை என்றாலோ, கால் சரியாகிவிட்டது என்று மறுபடியும் சொன்னாலோ, வெள்ளிக்கிழமை காலை அந்த ரேஸ் நடத்துகிறவர்களின் டாக்டருக்கு உன் பெயரும் ஐம்பத்தி நாலும் போட்டு ஃபேக்ஸ் அனுப்புவேன். கீழே என் கையெழுத்து இருக்கும். மொட்டைக் கடுதாசி எழுத மாட்டேன்.

3. அன்று சாயங்காலமே மதுக்கரைக்குப் போய்க் கீதாவிடம் எல்லாவற்றையும் சொல்வேன். பிளாஸ்க்கைப் பார்த்தும் நான் கதவைச் சாத்தியதையும் சேர்த்து.

4. உன் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். அவருக்கு ஷூ காரணமே இருக்கட்டும்.

5. அதற்குப் பிறகு நீ ஆயுசு முழுக்க என்னோடு பேச வேண்டாம். ஆடி நோம்பிக்கு மாமனார் வீட்டுக்கு வந்து, என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார். நான் உன் எதிர் இலையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறேன்.