தையல் மெஷினும் தன்னிஷ்டமும்

மார்ச் 3
முழங்கால் வலி. எதிர்வீட்டு மாடியில் என் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். நாத்தனார் யாருக்கோ ஜன்னல் திரை தைக்கிறாள். பழுது பார்த்துத் தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு போனவள், திருப்பிக் கேட்டபோது, "உனக்கு ஓட்டத் தெரியாது அண்ணி, கையைத் தச்சுக்குவே. நானே பத்திரமா வச்சுக்கிறேன்" என்றாள். அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த பேத்தி இன்று டீச்சர். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மார்ச் 5
ஐ.நா. சபையிலிருந்து மூன்று பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். கடல் தாண்டி இருந்து நம்மை ஆளுகிறவர்களே இனியும் ஆளட்டுமா, நாமே ஆண்டுகொள்வோமா என்று ஜனங்களை நேரில் கேட்பார்களாம். நகராட்சி மண்டபத்தில், தெருத்தெருவாக. எங்கள் தெருவுக்கு நாளை மறுநாள். "பாட்டி, நீ பேசணும்" என்றாள் பேத்தி. நான் எப்போது பேசாமல் இருந்தேன்?

மார்ச் 6
மீன் சந்தைத் தெருப் பெண்கள் ஒருத்தி விடாமல் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தார்களாம். பேத்திக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் இரண்டு தெரு இப்படிச் சொன்னால், 'இவர்களுக்கு விடுதலை வேண்டாமாம்' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்களாம்.

அந்தப் பெண்களா? வரி கேட்டு வந்தவனை விளக்குமாற்றால் விரட்டினவர்களா? நேரே போய்க் கேட்டேன். ரொட்டிக்கடைக்காரி முகத்தைச் சுளித்தாள். "அந்தக் குமாஸ்தா கேக்கறான், 'தன்னிஷ்டத்துக்கு நடக்க ஆசைப்படறீங்களா?'ன்னு. அத்தனை ஆம்பளைங்க நடுவுல. குடும்பப் பொம்பளையைக் கேக்கற கேள்வியா அது?"

பேத்தி தலையில் அடித்துக்கொண்டாள். வந்தவர்கள் சுயநிர்ணயம் என்று கேட்டதைத்தான், மொழிபெயர்க்கிற குமாஸ்தா அப்படி மாற்றிக் கேட்டிருக்கிறான். தெரியாமலா? ஆளுநர் மாளிகைக் குமாஸ்தா தெரியாமல் தும்மக்கூட மாட்டான்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சாயங்காலம் வீடு வீடாகப் போய், அவன் எப்படிக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லச் சொன்னேன். எதிர்வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் அவள் சொன்னால்தான் கேட்பார்கள். தெரியும். இருந்தாலும் அந்தப் படியை நான் மிதிப்பதா?

மார்ச் 7
முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். குமாஸ்தா கனைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டான்.

"ஆமா தம்பி. ரொம்ப நாளாவே."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவன் என்னை உட்காரச் சொன்னான். முடியாது என்றேன். மெஷின் கதை முழுவதையும் சொன்னேன். நாத்தனார் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாதாம். தொடவே விடலைன்னா எப்படித் தெரியும்? கோணலாத் தச்சாலும் என் துணிதானே? அந்த மாளிகைக்காரங்களும் நமக்கு ஆளத் தெரியாதுன்னுதான் சொல்றாங்க."

குமாஸ்தா அதை மொழிபெயர்க்காமல் காகிதத்தைப் புரட்டினான். பேத்தி எழுந்து, வந்தவர்களின் பாஷையில் எல்லாவற்றையும் சொன்னாள், குமாஸ்தாவின் தன்னிஷ்டக் கேள்வி உட்பட. மூவரில் இருந்த அம்மாள், மெஷின் திரும்பி வந்ததா என்று கேட்டாள். மூன்றாம் வரிசையைக் கை காட்டினேன்.

நாத்தனார் எழுந்தாள். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. சொல்லிவிடுவாள், வேண்டாம் என்று, என்மேல் இருக்கும் ஆத்திரத்திலேயே சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஆமா, எங்களை நாங்களே ஆண்டுக்கறோம்" என்றாள். உட்காரப் போனவள் திரும்பி, "ஆனா அந்த மெஷினுக்குப் பெல்ட் மாத்தினது நானு" என்றாள்.

மார்ச் 8
பெல்ட்டாம் பெல்ட்.

ஆகஸ்ட் 19
வாக்கெடுப்பு வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். பையன்கள் சுவரெல்லாம் 'தன்னிஷ்டம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் சுவரிலும். திட்டவில்லை.

டிசம்பர் 1
போன வாரம் பழைய கொடியை இறக்கினார்கள். குமாஸ்தாதான் புதுக்கொடிக்கும் கயிறு பிடித்தான். நினைவில் வைத்திருக்கிறேன்.

இன்று கதவைத் திறந்தால் வாசலில் என் மெஷின். ஊசியைக் கழற்றிக்கொண்டு அனுப்பியிருக்கிறாள், அதையும் மறக்க மாட்டேன். புது ஊசி போட்டு மிதித்தேன். தையல் பாம்பு மாதிரி நெளிந்து போகிறது. எதிர்மாடியில் அவள் நின்று, வந்து துணியைப் பிடிக்கட்டுமா என்று சைகை காட்டினாள்.

வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு இன்னொரு வரி தைத்தேன். அதுவும் கோணல்தான்.