கோப்பையை எடு, பவானி

ஜூன் 2, ஞாயிறு
புழுக்கம். மழை வருவதுபோல் காட்டி ஏமாற்றியது.

எழுதித் தொலைக்கிறேன், யாரும் படிக்கப்போவதில்லை. நேற்று பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு கல்யாண வீட்டு மேடையில் என் சிரிப்புப் பேச்சு. நடுவில் என் மேல்வரிசைப் பொய்ப்பல் கழன்று மாப்பிள்ளையின் மாலையில் விழுந்து, அங்கிருந்து தரைக்கு. இரண்டு துண்டு. என் வாழ்நாளில் கிடைத்த மிகப் பெரிய சிரிப்பு. “எல்லாம் சொந்தப் பல்” என்று இத்தனை காலம் சொல்லித் திரிந்தவன்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்தில் கட்டியது. நாடு நிலைத்துவிட்டது, பல்தான் ஆடிக்கொண்டே இருந்தது. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் என்னை அறியாமல் கடித்துவிடுவேன். டக். உடனே மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். பல்கட்டும் சீனர் ஒரு வாரம் கேட்கிறார்.

ஜூன் 3, திங்கள்
வாயை மறைத்துத் துண்டு. கேட்டவர்களிடம் சளி என்று பொய். வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், குடைக்கம்பி, கடலைமிட்டாய் (பவானிக்கு. கொஞ்சம் எனக்கும்).

பவானி, தங்கை சரசுவின் மகள். ஆறு வயது. பேச்சில்லை. யார் முகத்தையும் பார்க்கமாட்டாள், காகிதக் காற்றாடியைப் பார்ப்பாள், மணிக்கணக்கில். சீமையில் படித்துவந்த மிஸ் பிலோமினா இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறு வகுப்பு நடத்துகிறார். ஓர் இடம் காலி. சனிக்கிழமை வந்து பார்ப்பார். கிடைக்காவிட்டால் சரசுவின் கணவன் மணியம் அவளை வடக்கே ஒரு விடுதியில் விட்டுவிடுவான்.

மிஸ் சொன்ன முறை: மேஜையில் கோப்பை, கரண்டி, சீப்பு. ஒரே முறை கேட்க வேண்டும். காத்திருக்க வேண்டும். சரியாக எடுத்தால் அந்த நொடியே மிட்டாய். முகத்தில் எதுவும் காட்டக்கூடாது. நான் மூன்று முறை கேட்பேன், இடையில் ஒரு கதை, அழுதாலும் மிட்டாய். ஆனாலும் நான் இருந்தால்தான் சரியாக எடுக்கிறாள். கை மூன்றின் மேலும் மெல்லச் சுற்றும், பிறகு சரியானதில் இறங்கும். சரசு தனியாகக் கேட்டால் இறங்காது. “ஒங்க ராசிண்ணே.” நானும் நம்பினேன். தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

ஜூன் 4, செவ்வாய்
நல்ல மழை. அடுப்படி ஒழுகல்.

பவானி எதையும் எடுக்கவில்லை. கை சுற்றிக்கொண்டே இருந்தது.

“துண்டுக்குள்ளேர்ந்து பேசுனா அவளுக்கு என்னா வெளங்கும்? நீங்க பக்கத்துல குந்துங்க, நான் கேக்கறேன்.”

சரசு கேட்டாள். அப்படியும் இல்லை. கை சுற்றிச் சுற்றி, கடைசியில் பவானி தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா வேலிக்கு மேல் தலையை நீட்டி, மலாயில் “கசியான்” என்று பரிதாபப்பட்டார். இரவுக்குள் எங்கள் பேட்டை காஜா பேராங் முழுக்கத் தெரிந்துவிடும். நான் செய்யும் வேலையை இன்னொருவர் செய்தால் பிடிப்பதில்லை.

ஜூன் 6, வியாழன்
வெயில். துண்டு துவைத்தேன்.

மணியம் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறான். “சும்மா சூசாப்பட்டுக் கவலப்பட வேணாம் மச்சான். சரசு தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?” கெட்டவன் அல்ல. பெட்டியில் துணிக்கு மேலே, கசங்காமல், காற்றாடி.

ஜூன் 8, சனி
மிஸ் வந்தார். குடையை மடக்கியதும் வேலை. பவானியின் கை சுற்றியது, இறங்கவில்லை. “போன வாரம் வரைக்கும் எடுத்தாளே மிஸ், அண்ணன் பக்கத்துல இருந்தா” என்று சரசு சுவரைப் பார்த்துச் சொன்னாள். மிஸ் என்னைப் பார்த்தார்.

“எப்பவும் துண்டு கட்டுவீங்களா?”

“இல்ல மிஸ். சளி.”

“எடுத்துட்டு ஒரு தடவ பாப்பமே.”

“தொத்திக்கும் மிஸ்.”

பிள்ளையின் எதிர்காலம் ஒரு பக்கம், என் பொக்கை வாய் ஒரு பக்கம். எதைக் காப்பாற்றினேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

மிஸ் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப ஒங்க மொகந்தான் பதில் சொல்லிக் குடுத்திருக்கு. கை சரியான எடத்துக்கு வந்ததும் சிரிச்சிருப்பீங்க. அவ கோப்பைய படிக்கல, ஒங்கள படிச்சிருக்கா. பிழை நம்ம பக்கம்.”

சரசு, “அப்ப ஒண்ணுமே கத்துக்கலையா?”

“ஒரு மொகத்தப் பாத்திருக்கால்ல? யாரையும் பாக்காத புள்ள. அதுமேல பாடத்தக் கட்டலாம். திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க.”

மணியம் பெட்டியைத் திறந்து காற்றாடியை எடுத்துப் பவானியின் கையில் கொடுத்தான்.

சரசு சமையலறையில் தனக்குத்தானே: “எங்கண்ணன் மொகத்தப் பாப்பாளா.” மூன்று, நான்கு தடவை. நான் புகைக்கப் போகிறேன் என்று கொல்லைப்புறம் போனேன். புகைக்கவில்லை. மேடையில் என் முகத்தைப் பார்த்துத் தூங்கியவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பிள்ளை விழித்திருந்து பார்த்திருக்கிறாள்.

ஜூன் 9, ஞாயிறு
தூறல். பல் வந்துவிட்டது. முன்னைவிட ஆட்டம். துண்டுக்கு விடுதலை.

நாளை வகுப்பு. சரசு கவுன் தேய்த்து வைத்திருக்கிறாள். அதற்கு முன் ஒரு தடவை பழகிப் பார்க்கலாம் என்றாள். என் முகம் தெரியக்கூடாது என்பதற்காகப் பவானியின் முதுகுப் பக்கம் போய் நின்றேன்.

“கோப்பைய எடு, பவானி,” என்றாள் சரசு.

கை சீப்பின் மேல் போனது. கரண்டி. மறுபடி சீப்பு. மெல்லக் கோப்பைக்கு மேல் வந்தது.

என் வாய்க்குள், டக்.

எடுத்துவிட்டாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.