நெஞ்சில் ஒட்டிய ஒற்றன்

மார்ச் 3, செவ்வாய்
நெஞ்சில் ஒரு பட்டையை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். பிளாஸ்திரி மாதிரி மெல்லிசு. ஒயர் கிடையாது, குளிக்கலாம், புரண்டு படுக்கலாம். இரண்டு வாரம் என் இதயத்துடிப்பைப் பதிவு செய்துகொண்டே இருக்குமாம். போன மாதம் வேலையிடத்தில் சாப்பிடும்போது மயங்கிச் சரிந்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டம். அறிக்கை நன்றாக வந்தால்தான் மறுபடி கிரேன் ஏற விடுவார்களாம். அந்த உயரத்தில் தனி ராஜாங்கம் நடத்தியவன் நான். கீழே உட்கார்ந்து மண்வெட்டி எண்ணச் சொன்னால் எப்படி?

மார்ச் 5, வியாழன்
திட்டம்: எதற்கும் அலட்டிக்கொள்வதில்லை. மாடிப்படி, கால்பந்து, வாக்குவாதம் எல்லாம் ரத்து. பட்டையை ஏமாற்றிக் காட்டுகிறேன்.

மார்ச் 9, திங்கள்
மனைவி கை தவறி என் கண்ணாடியை உடைத்துவிட்டாள். "பரவாயில்லைம்மா" என்றேன். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன தப்பு பண்ணீங்க? இப்பவே சொல்லிடுங்க."

ஒன்றுமில்லை என்றால் நம்பினால்தானே? மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா சிரிச்ச முகமா இருக்காருடி, பயமா இருக்கு" என்கிறாள்.

மார்ச் 17, செவ்வாய்
டாக்டரம்மா அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு வாரமா என்னதான் பண்ணீங்க?"

"சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"இதை வச்சு கிரேன் ஓட்டறவரைப் பத்தி நான் என்ன சொல்றது? வழக்கம்போல இருங்க. அதுக்காகத்தானே இதை இவ்வளவு சொகுசா செஞ்சிருக்காங்க!"

மறுபடி புதுப் பட்டை. குட்டு வெளிப்பட்டுவிட்டது. "இனி என் பொறுப்பு டாக்டர்" என்கிறாள் மனைவி.

மார்ச் 22, ஞாயிறு
அவளுடைய பொறுப்பு என்றால் அவள் தம்பி. மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக, "கிரேன்ல என்ன மாமா வேலை? பட்டனை அமுக்கினா தானா ஓடும், இல்ல?" என்கிறான். விடுவேனா? பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு விளக்கினேன். எல்லாம் பட்டையில் பதிந்திருக்கும். தொலைந்தது என் வேலை.

மார்ச் 31, செவ்வாய்
மச்சானோடு கத்தியபோது இதயம் ஜோராக ஓடியதாம்! நின்றது மறுநாள் — நிம்மதியாகச் செருப்பு மாட்டும்போது. நாலு நொடி. எனக்குத் தெரியவே இல்லையே! அப்ப மேலே இருந்திருந்தா? கொக்கியில இரும்புக் கட்டு தொங்குது, கீழே நம்ம ஆளுங்க நிக்கிறாங்க... அட முட்டாளே, யாரை ஏமாத்தப் பார்த்தே? இன்னிக்கு இது போதும்.

மே 11, திங்கள்
இப்போது தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி. துடிப்பு தயங்கினால் தட்டி எழுப்பும். கிரேன் ஏற அனுமதி இல்லை. கீழே நின்று சைகை காட்டும் வேலை. வருத்தம்தான், மறைப்பானேன்? மேலே புதிதாக ஓர் இளைஞன். அவன் இறக்கிய இரும்புக் கட்டு என் பக்கமாக லேசாக ஆடியபடி வந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அதை அண்ணாந்து பார்த்தேன்.

மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மேல இருக்கற தம்பிக்கு நெஞ்சுல பட்டை ஒட்டிப் பார்த்தாச்சா?"