பதினொரு லிஃப்ட்டுகளும் ஒரு எக்ஸ்ரே அறையும்

ஜனவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

வந்துவிட்டோம்! போனில் "கேக்குதா, கேக்குதா" என்று கத்தியே நேரம் போய்விட்டது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு விமானம்தான் இங்கிருந்து தபால் எடுத்துப் போகிறது. பதில் எழுதாமல் தப்பிக்கலாம் என்று நினைக்காதே.

அம்மா, இந்த நாடு எவ்வளவு சின்னது தெரியுமா? காலையில் சைக்கிளில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கக் கடற்கரைக்குப் போய்விடலாம். மொத்த நாட்டுக்கும் பதினொரு லிஃப்ட். பதினொன்றுக்கும் அப்பா ஒருவர்தான் மெக்கானிக்! அங்கே அவரை அடுத்த தெருவில்கூட யாருக்கும் தெரியாது. இங்கே சோப்பு வாங்கப் போனால் கடைக்காரர் எழுந்து நிற்கிறார். "கடற்கரை ஃபிளாட்ஸ் லிஃப்ட் நின்னுபோச்சாமே? என் மாமியார் நாலாவது மாடியில இருக்காங்க. அவசரமே இல்ல சார், மெதுவா பாருங்க" என்கிறார்.

நமக்கு இரண்டு அறை, தகரக் கூரை. மழை சொல்லாமல் கொள்ளாமல் வரும். வந்தால் அப்பாவும் நானும் கை ஜாடையில்தான் பேசிக்கொள்ள வேண்டும். என் பள்ளிக்கூட பெல்ட்டில் மூன்றே நாளில் பச்சையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. துடைத்தேன். மறுநாள் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அதுகூடப் பிடித்திருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மார்ச் கடைசிக்குள் அப்பா மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "உங்கம்மா வரலைன்னா பெட்டியக் கட்ட வேண்டியதுதான்" என்கிறார். நீ வருவாய்தானே?

உன் அன்பு மகள்,
புத்தகப் பூச்சி


ஜனவரி 21

என் பூச்சிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். எதற்குத் தனியாகச் சிரிக்கிறாய் என்று பக்கத்தில் கேட்டார்கள். பெல்ட்டைத் துடைத்தால் போதாது, வெயிலில் போடு.

வருவாயா என்று கேட்கிறாய். இந்த எக்ஸ்ரே பிரிவில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். ஏப்ரலில் தலைமை டெக்னீஷியன் ஓய்வு பெறுகிறார். அடுத்தது நான்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டு அங்கே வந்து என்ன செய்வேன்? அப்பாவோடு லிஃப்ட்டுக்கு கிரீஸ் போடவா?

சரியாகச் சாப்பிடு. அப்பாவையும் சாப்பிட வை.

அம்மா


பிப்ரவரி 2

அன்புள்ள அம்மாவுக்கு,

கேள், கேள்! சனிக்கிழமை அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஸ்ட்ரெச்சர் ஏற்றும் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கு அரை அடி கீழேயே நின்று அடம்பிடித்தது. அப்பா மோட்டார் அறைக்குள் போய்விட்டார். நான் ஆஸ்பத்திரியையே நடத்துகிற மேட்ரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பூட்டிய கதவு, அதன் மேலே ஒரு சிவப்பு பல்பு. என்ன அறை என்று உனக்குச் சொல்லவா வேண்டும்?

மேட்ரன் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. படம் எடுக்கத்தான் ஆள் இல்ல. இருந்தவர் கல்யாணம் பண்ணிக்கிட்டு வெளிநாடு போயிட்டார். இப்ப கை கால் ஒடிஞ்சா பக்கத்து நாட்டுக்குப் படகுல ஏத்தி அனுப்புறோம். மூணு மணி நேரம்."

"அலையில ஆடுமே, வலிக்காதா?"

"வலிக்காம? போடுற சத்தம் கரை வரைக்கும் கேக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது அம்மா. ஒரு காரியம் செய்திருக்கிறேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். திட்டாதே, சரியா?

பூச்சி


பிப்ரவரி 16

பூச்சி,

உன் கடிதமும் மேட்ரனின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. என் பெயரில் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாய்!

அதன் நகலையும் அவர் அனுப்பியிருக்கிறார். "என் அம்மா மூச்சைப் பிடிக்கச் சொன்னால் அழுகிற குழந்தைகூடப் பிடிக்கும்." "படம் சரியாக வரவில்லை என்று ஒரே ஆளை இரண்டாவது தடவை எடுத்ததே கிடையாது." "குறை: வீட்டில் யாராவது மெதுவாகச் சாப்பிட்டால் கோபம் வரும்." இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதுவார்களா? நல்ல வேளை, என் கையெழுத்தைப் போடாமல் "இவருடைய மகள்" என்று போட்டிருக்கிறாய்.

கோபமாகத்தான் இருக்கிறேன். என் வேலை, என் பதினெட்டு வருடம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படித் தூக்கிக் கொடுத்தாய்?

மேட்ரன் வேலை தரத் தயாராக இருக்கிறார். "எல்லாம் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதியிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரியும் அப்படித்தான் எழுதும். நீ போய்ப் பார். கதவு இறுக மூடுகிறதா? நாங்கள் போட்டுக்கொள்ளும் ஈய ஏப்ரன் தொங்குகிறதா, மடித்து வைத்திருக்கிறார்களா? மடித்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும், கதிர் நேராக உடம்பில் ஏறும். எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கும் பேட்ஜ் இருக்கிறதா? கதை அளக்காமல் உள்ளதை எழுது. நான் வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது.

அம்மா


பிப்ரவரி 28

அன்புள்ள அம்மாவுக்கு,

மன்னித்துவிடு. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பெரிய தப்பு என்று அப்பா சொன்னார். "நம்மளக் கேக்காம உங்கம்மா நமக்கு வேலை தேடிக் குடுத்திருந்தா, நாம ரெண்டு பேரும் வீட்டையே ரெண்டாக்கியிருப்போம்" என்றார்.

மேட்ரன் அறையைத் திறந்துவிட்டார். மெஷின் ஓடுகிறது. அது முனக ஆரம்பித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தச் சத்தத்தோடுதானே நீ பகல் முழுவதும் இருக்கிறாய்!

கதவு இறுக மூடவில்லை. இடுக்கில் என் விரல் போகிறது. பேட்ஜ் இல்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஏப்ரன் பீரோவில், உடைந்த ஃபேனுக்கு அடியில் இருந்தது. நான்காக மடித்திருக்கிறார்கள். மடிப்பில் கையை வைத்தால் உள்ளே நொறுநொறு என்கிறது.

"கொஞ்சம் மடிந்திருக்கிறது" என்றுதான் முதலில் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நீ வர வேண்டும் அம்மா. ஆனால் உன் உடம்பில் கதிர் ஏற வேண்டாம்.

நான் படித்துக் காட்டியதும் அப்பா பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறார்.

பூச்சி


மார்ச் 12

என் பூச்சிக்கு,

மேட்ரனுக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். "சின்னப் பொண்ணு எல்லாத்தையுமா எழுதிட்டா?" என்று கேட்டார். "ஃபேன் உட்பட" என்றேன். பேட்ஜ் வாங்கி வைப்பதாக ஒப்புக்கொண்டார். அப்பா பெட்டியைத் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டு அந்தக் கதவைப் போய்ப் பார்க்கட்டும். லிஃப்ட் கதவை மூட வைக்கிறவருக்கு இது பெரிய விஷயமா? நான் வந்து சோதித்த பிறகுதான் முதல் படம் எடுப்பேன். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடலாம்.

தலைமைப் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு, படம் கழுவும் இருட்டறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். நான்கு மடிப்பை நீ மறைக்கவில்லை, அதனால் நானும் இதை மறைக்கவில்லை. வேலையை விடவில்லை, ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருக்கிறேன். அதற்கு அப்புறம் என்ன என்பதை என்னைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மார்ச் 30 விமானத்தில் வருகிறேன். புது ஏப்ரன் வாங்கியாகிவிட்டது. ஆறு கிலோ. பெட்டியில் வைத்தால் மடித்துத்தான் வைக்க வேண்டும், அதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போட்டுக்கொண்டேதான் விமானத்தில் ஏறப்போகிறேன். சோதனையில் காட்ட ஆஸ்பத்திரிக் கடிதம் கையில் இருக்கிறது. கழுத்திலிருந்து முழங்கால் வரை ஈயம் போட்ட ஒரு பெண் ஏணியில் இறங்கி வருவாள். வெட்கப்படாமல் கையை ஆட்டு.

அம்மா