இரண்டு பேருக்கு ஒரு பூட்டு

மார்ச் 3

138/90. தினமும் ரத்த அழுத்தம் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மகள் வாங்கி வந்தது இருநூறு பக்க நோட்டு. நாளுக்கு ஒரு எண் எழுதினால் இது எனக்குப் பிறகும் மீதி இருக்கும். அதனால் மற்றதையும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

இன்று பதினோரு மாடிக் கட்டிடம். இரண்டு லிஃப்ட்டுக்கும் மாதாந்தரப் பராமரிப்பு. லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில் இறங்கியது மாப்பிள்ளைதான், என் தங்கை புருஷன். "உன் முட்டிய வச்சுக்கிட்டு ஏணியில ஏறி இறங்காத. மேல போய் உக்காரு" என்றான். மூன்று மாதமாக இதே பாட்டு. எனக்கு ஐம்பத்தொன்று, அவனுக்கு ஐம்பத்துமூன்று. இவன் என்னவோ நேற்றுத்தான் மீசை முளைத்தவன் மாதிரி.

மார்ச் 8

134/88. ஒன்றும் இல்லை. மகளுக்குத் தேர்வு. வீட்டில் டிவி கிடையாது என்று உத்தரவு.

மார்ச் 14

140/90. காலையில் வேனை மாப்பிள்ளை ஓட்டினான். நேராக நேற்று முடித்த கட்டிடத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கருவிப் பையை இறக்குகிறான்.

"டேய், இது நேத்தே முடிஞ்சுதுடா."

ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "தெரியும். நீ முழிச்சிட்டு இருக்கியான்னு பாத்தேன்."

நானும் சிரித்தேன். இருபத்துநாலு வருஷமாக இவனோடுதான் வேலை. ஒருத்தன் மொட்டை மாடியில் மோட்டார் அறையில், இன்னொருத்தன் அடியில் குழியில். வீட்டு மிக்ஸியைச் சரிசெய்ய இவனை ஒருநாள் நான்தான் அழைத்து வந்தேன். மிக்ஸி சரியாகவில்லை. தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து இவன் எனக்கு மாப்பிள்ளை, நான் இவனுக்கு மச்சான். டேய் மட்டும் மாறவில்லை.

மார்ச் 21

எண் பார்க்கவில்லை. பார்த்தால் கருவி தாங்காது.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

ஏழு மாடி அலுவலகக் கட்டிடம். காலை பத்தே முக்கால். வழக்கம்போல் அவன் "நான் இறங்குறேன்" என்று ஏணியைப் பிடித்தான். எனக்கு எரிச்சலாகிவிட்டது. "தள்ளுடா, நான் ஒண்ணும் கிழவன் இல்ல" என்று நானே இறங்கிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு மேலே போனான். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டதாகப் போனில் சொன்னான்.

அந்தப் பூட்டைப் பற்றி எழுதவேண்டும். விதிப்படி ஆளுக்கொரு பூட்டு. சுவிட்சில் இரண்டு பூட்டு தொங்கவேண்டும், அவரவர் சாவி அவரவர் பையில். கீழே இருப்பவன் ஏறி வந்து தன் பூட்டைத் தானே கழற்றினால்தான் லிஃப்ட் ஓடும். நாங்கள் பல வருஷமாக ஒரே பூட்டுதான். மேலே இருப்பவனுக்கு அடிக்கடி போட்டு அணைத்துப் பார்க்கும் வேலை இருக்கிறது, அதற்காக நான் ஏன் ஏழு மாடி ஏறவேண்டும்? சாவி மேலே இருப்பவன் பையில். இதை யார் தீர்மானித்தது என்றுகூட ஞாபகம் இல்லை.

குழியில் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. இறங்கியதும் முதல் வேலை அதை அமுக்குவது. அமுக்கிவிட்டால் மேலே யார் என்ன செய்தாலும் லிஃப்ட் அசையாது. நான் அமுக்கவில்லை. அமுக்குவதை விட்டும் வருஷக்கணக்காகிறது. மேலே அவன் இருக்கும்போது எதற்கு?

இருபது நிமிஷம் எண்ணெய் துடைத்திருப்பேன். கயிறு ஓடும் சத்தம். நிமிர்ந்தால் லிஃப்டின் அடிப்பக்கம் என்னைப் பார்த்து வருகிறது. மல்லாந்து விழுந்தேன் என்றுதான் சொல்லவேண்டும், படுத்தேன் என்று சொன்னால் பொய். தரைத்தளத்தில் நின்றது. என் மூக்குக்கும் அதற்கும் நடுவே ஒன்றரை முழம். தலைக்கு மேலே கதவு திறந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள்.

"குடை எடுத்தியா?"

"நீ எடுத்திருப்பேன்னு நினைச்சேன்."

போய்விட்டார்கள். பொத்தானைத் தேடி அமுக்கினேன். அவனுக்குப் போன் போட்டேன்.

"எங்கடா இருக்க? நான் வேன்ல சாமானெல்லாம் ஏத்தியாச்சு, வா போலாம்."

"குழியில இருக்கேன்."

நான் ஏறி வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். "நீ டீ குடிக்கப் போயிட்டேன்னு..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. வேனை நான் ஓட்டினேன்.

கட்டிடத்துப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருப்பது: பராமரிப்பு முடிந்தது. குறை எதுவும் இல்லை.

மார்ச் 22

152/96. சட்டை முதுகெல்லாம் எண்ணெய் எப்படி என்று மனைவி கேட்டாள். வழுக்கிவிட்டது என்றேன். ஆள் சாகாமல் தப்பினால் அதற்கென்று ஒரு மஞ்சள் படிவம் இருக்கிறது. இரண்டு நாளைக்குள் கொடுக்கவேண்டும். கொடுத்தால் அவனை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொடுக்காவிட்டால் நாளைக்கும் என் தலைக்கு மேலே அவன்தான் இருப்பான்.

என்ன செய்வது? தெரியவில்லை.

மார்ச் 23

அவன் முடிவெட்டப் போன நேரம் பார்த்துத் தங்கை வீட்டுக்குப் போனேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கான சட்டை. அதன் பையில் நான்காக மடித்த ஒரு சீட்டு. எடுத்துப் பார்த்தேன். அவள் கையெழுத்து.

"திங்கள். பழைய நூலகம். ஒரு லிஃப்ட். அண்ணாகூட. சாப்பாடு நீலப் பையில். முடிந்ததும் நேராக வீட்டுக்கு."

"எவ்வளவு நாளா இது?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எட்டு மாசமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ரூல் பேசுவ அண்ணா. பையனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு. அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டிடலாம்னு..."

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவன் சொல்லியிருக்கவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னது இது:

"நீ கூட இருக்கேன்னுதானே நான் தைரியமா அனுப்பினேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியவில்லை. நான் தூக்கி வளர்த்தவள். எட்டு மாதமாக அவனுக்குத் துணை என்று என்னை அனுப்பியிருக்கிறாள். அடியில் படுத்திருப்பவன் நான் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையா? தோன்றவில்லை. அதுதான் வலிக்கிறது. தோன்றியும் மறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச் 24

கெடு முடிந்தது. படிவம் கொடுக்கவில்லை.

மார்ச் 27

146/94. கம்பெனி ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு எனக்கென்று ஒரு பூட்டு வாங்கினேன். ஸ்டோர்க்காரர் "தொலைச்சிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். இன்று சுவிட்சில் அவன் பூட்டுக்குப் பக்கத்தில் என்னுடையதை மாட்டினேன். அவன் பார்த்தான்.

"புதுசா?"

"ரூல்."

"இத்தனை வருஷமா எங்க போயிருந்துது உன் ரூல்?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான். மதியம் சாப்பிடும்போது அவன் வேனுக்குள் உட்கார்ந்தான், நான் வெளியே படியில். தன் உயிருக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டவன் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்கவேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 2

பழைய நூலகம் மறுபடியும். கதவு சரியாக மூடவில்லை என்று புகார். அவன் ஏணியை எடுத்தான். நான் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ளே, உக்காரு. பேசணும்."

உட்கார்ந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"மூணு மாசமா நான் ஏன்டா கீழ இறங்குறேன்? உன் முட்டிக்காகன்னு நினைச்சியா?"

நான் ஏணியைச் சுவரில் சாய்த்தேன்.

"எனக்குத் தெரியுதுடா. போட்டது அணைச்சது எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது. மேல நான் இருந்தா என்னைக்காவது உன்னைக் கொன்னுடுவேன். கீழ இருந்தா என்ன ஆனாலும் எனக்குத்தானே? மேல நீ இருக்க. பயமில்ல." ஸ்பேனரைத் தொடையில் துடைத்துக்கொண்டே இருந்தான். "அன்னைக்கு நீ இறங்குறேன்னு அடம்பிடிச்ச. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். நூலகத்துக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"படிவம் எழுதப் போறேன்" என்றேன்.

"எழுதிடு. நீயே எழுது. வேற எவனாவது எழுதினா குடிச்சிட்டு வந்தான்னு எழுதிடுவான்."

ஏப்ரல் 3

கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம். அவன் சுவிட்சைப் போட்டது, நான் பொத்தானை அமுக்காதது, ஒரே பூட்டு, பதின்மூன்று நாள் மறைத்தது, எல்லாமும். சூப்பர்வைசர் இரண்டு தடவை படித்தார்.

"இருபத்துநாலு வருஷ அனுபவம் இருக்கிறவர் பண்ற வேலையா சார் இது?"

"அவ்வளவு அனுபவம் இருந்தாத்தான் இப்படிப் பண்ண முடியும்" என்றேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அவனுக்கு மருத்துவப் பரிசோதனை, அது முடியும்வரை விடுப்பு.

ஏப்ரல் 4

தங்கை போன் செய்தாள். "உனக்கு உயிர் இருக்குல்ல, போதும்" என்றாள். வைத்துவிட்டாள்.

மே 19

130/84. மாத்திரை வேலை செய்கிறது. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நினைவு சம்பந்தப்பட்ட நோய்தான், இந்த வயதிலும் வருமாம். இனி அவனுக்கு வேலை கிடையாது. டாக்டரிடம் கூட வரட்டுமா என்று கேட்டேன். தங்கை என் மனைவி மூலமாகப் பதில் அனுப்பினாள்: வேண்டாம்.

ஜூன் 11

புதுக் கூட்டாளி வேறொரு பிரிவிலிருந்து வந்தவர். நாற்பது வயது, வார்த்தைக்கு வார்த்தை சார். தன் பூட்டில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார். குழியில் இறங்கியதும் பொத்தானை அமுக்கிவிட்டு "அமுக்கியாச்சு சார்" என்று கத்துகிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுக்க நாங்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

ஜூலை 20

ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கை வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பாள், நகர்ந்து வழி விடுவாள், டீ கொண்டுவந்து வைப்பாள். ஒரு சொல் கிடையாது. அவன்தான் பேசுகிறான். பழைய கதையெல்லாம் துல்லியமாக வருகிறது. எங்கள் முதல் வேலை, அன்று எனக்கு விரல் நசுங்கியது, எந்த விரல் என்பதுகூட. போன வாரம் நான் வந்ததுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 14

மாப்பிள்ளை பால்கனியில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறியிருந்தது. சரிசெய்தேன். நெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு,

"மச்சான், உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆபீஸ்ல என்னைப் போட்டுக் கொடுத்தது யாருடா?"

ஐந்து மாதமாக நான் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் சொன்ன "எழுதிடு" என்ற ஒரு சொல்லைத்தான். தங்கை பேசாதபோதும் சரி, புதியவரோடு வேனில் போகும்போதும் சரி, அவனே சொன்னான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொன்னவனிடம் இப்போது அது இல்லை. மறுபடி சொல்லி மறுபடி அவன் மன்னிக்கவேண்டுமா? இந்தத் தடவை மன்னிப்பானா?

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து தங்கையின் குரல்.

"யாரும் போட்டுக் கொடுக்கல. வருஷா வருஷம் எல்லாருக்கும் டெஸ்ட் வைப்பாங்கல்ல, அதுல தெரிஞ்சுது."

அப்படி ஒரு பரிசோதனை எங்கள் கம்பெனியில் எப்போதும் இருந்ததில்லை. அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப நீ என்னடா பண்ணிட்டு இருந்த? நீ இருக்கும்போது எப்படி விட்ட?"

"முடிஞ்சவரைக்கும் பாத்தேன் மாப்ளே."

"பாத்திருப்ப" என்றான். என் கையைத் தட்டிக்கொடுத்தான். "நீ பாத்திருப்படா."

கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்தாள். செருப்பு மாட்டும்வரை நின்றாள். ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் அவள் நேராகப் பேசியது இன்றுதான்.

"அடுத்த வாரமும் கேப்பாரு. ரெண்டு பேரும் இதையே சொல்லணும்."

சரி என்றேன்.