கண்ணாடிப் பெட்டி ஹெல்மெட்

டென்னசி,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய ஓர்லீன் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் மகன் டேரியன் ஆடும் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் காயத்துக்குக் கட்டுப்போடும் வென்டெல் எழுதுகிறேன். ஆகஸ்டில் நீங்கள் அவனுக்குச் சுட்டனுப்பிய தேங்காய் கேக்கில் பாதியைத் தின்றவன் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஆட்டத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். கடைசி நிமிடத்தில் அவன் பந்தோடு ஓடி ஜெயிக்கவைத்ததற்கு ஊரே உங்களுக்கு ஃபோன் செய்திருக்கும். டிவியில் காட்டாததை நான் சொல்கிறேன்.

பாதி ஆட்டத்துக்கு முன்பே தலையில் அடிபட்டுத் தள்ளாடி வந்தான். இன்று என்ன கிழமை என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை. அம்மா சர்ச்சுக்குப் போயிருக்கும்" என்றான். தலையில் அடிபட்டவனிடம் வாதாடாதே, அவன் ஹெல்மெட்டை ஒளித்துவை என்பது எங்கள் தொழிலில் வழக்கம். அது இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே உட்கார்ந்துகொண்டேன். "குடுத்துருங்கண்ணே, பெரிய டீம்காரங்க என்னை எடுக்கலாமான்னு பாக்க வந்திருக்காங்க" என்று கெஞ்சினான்.

அன்று எங்கள் கல்லூரியில் 'தலை காப்போம்' நாள். சமூகப் பொறுப்பாம். அதற்கென்று ஒரு துறை, அதற்கு ஒரு இயக்குநர், அவருக்கு ஒரு கோட்டு. தலையில் அடிபட்டுப் பேச்சிழந்த ஒரு சிறுமியைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து இடைவேளையில் படம் எடுத்தார்கள். அவளைப் போன்ற பிள்ளைகளுக்காக ஏலம்விட, ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட அணி ஹெல்மெட் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

கடைசியில் நான்கு புள்ளி பின்தங்கினோம். பயிற்சியாளர் என்னிடம் வந்து, "எந்திரிய்யா" என்றார். நான் எழவில்லை. "சரி, அப்படியே உக்காந்து கெட" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் அம்மா, உங்கள் பிள்ளை ஓடினான். இயக்குநர் துள்ளிக் குதித்தார். "இனி ஏலத்துல ரெட்டிப்பு விலைக்குப் போகும்" என்று என் காதுபடச் சொன்னார். தூ!

டேரியன் இப்போது வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்கிறான். சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறான். "அம்மா ரெண்டு வேல பாக்குது, சொல்லிராதீங்கண்ணே" என்கிறான். வரும் சனிக்கிழமையும் ஆட்டம் இருக்கிறது. அவன் தலை நன்றாக இருப்பதாக என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். மாட்டேன் என்றேன். போடுகிறவர் வேறு யாராவது கிடைப்பார்.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. செப்டம்பரிலும் அவனுக்கு அடிபட்டது. அன்று, தெரிந்தே, ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டவன் நானேதான். வேலை போய்விடுமோ என்ற பயம். அந்தக் கோட்டுக்காரரைத் திட்டும்போதெல்லாம் என் கையைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதனால்தான் ஃபோனில் சொல்லாமல் எழுதுகிறேன். நடக்கவே இல்லை என்று அவர்கள் சாதித்தால் இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். அவனுக்கும் ஃபோன் செய்யாதீர்கள், சிரித்துப் பேசி உங்களை ஏமாற்றிவிடுவான். வெள்ளிக்கிழமைக்குள் பஸ் ஏறி வாருங்கள். அவனிடம் என்ன கிழமை என்று மட்டும் கேளுங்கள்.

கர்த்தர் உங்களுக்குத் துணையிருக்கட்டும். ஹெல்மெட்டைத்தான் என்னால் ஒளிக்க முடிந்தது, அவர்களிடம் இன்னும் நூறு இருக்கிறது. நீங்கள் பிள்ளையையே ஒளித்துக் கூட்டிப்போய்விடுங்கள் அம்மா.

இப்படிக்கு,
இந்த முறை உண்மைக்குக் கையெழுத்திடும்
வென்டெல் ஹாகின்ஸ்